நீர்நாய்க்கு வேலை இருக்கு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நீர்நாய் என் மானத்தை வாங்கிவிட்டது. நிஜ நீர்நாய் இல்லை... நானே வரைந்தது.

தனியாக இருப்பதன் சுகம் பற்றி இதே பக்கத்தில் நான் எவ்வளவு அளந்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். இஷ்டப்பட்ட நேரத்தில் குளிக்கலாம், ரிமோட்டுக்குச் சண்டை இல்லை, யாருக்காகவும் உப்பைக் குறைக்க வேண்டாம், இத்யாதி. எல்லாம் உண்மைதான். ஆனால் ஞாயிறு மத்தியானம், மரத்தரை இடுக்கு வழியாகக் கீழ்வீட்டுச் சிரிப்புச் சத்தம் மேலே வரும் பாருங்கள்... அதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன்.

மட்டாஞ்சேரியில் நான் இருப்பது ஒரு பழைய வீட்டின் மாடி. கீழ்வீட்டில் ரெம்யா. காக்கநாட்டில் ஐ.டி. வேலை. தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். தமிழ் நன்றாகப் பேசுவாள். படிக்க மலையாளம்தான் வரும். ஆகவே இதை அவள் படிக்கப் போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஞாயிறுதோறும் அவளும் மூன்று நண்பர்களும் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். கம்ப்யூட்டர் கிடையாது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ரெம்யா ஒரு கற்பனை உலகத்தின் கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், ஓடுவார்கள். ஜெயித்தோமா தோற்றோமா என்பதைப் பகடை சொல்லும். வளர்ந்த பிள்ளைகள் இப்படியா பொழுதைப் போக்குவார்கள் என்று நானும் முதலில் நினைத்தேன். பிறகு காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன்.

போன மாதம் ரெம்யா மாடிக்கு வந்தாள். புதுசாக ஒரு உலகம் உண்டாக்குகிறாளாம். மனிதர்களே இல்லாத காயல் தேசம். இரண்டு காலில் நடந்து, சட்டை போட்டுப் பேசும் மிருகங்கள் மட்டும். குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடுவதுதானே எனக்குச் சோறு போடும் தொழில்? நான்கு இனங்கள் வரைந்து தர முடியுமா என்று கேட்டாள். க்யூட்டாக இருக்க வேண்டும், ஆனால் கெஞ்சுகிற மாதிரி கண்ணைப் பெரிசாக்கக் கூடாது. இனத்துக்கு ஒரு தாள். கிழவர், குட்டி, வீடு, சாப்பாடு, வழியில் பார்த்தால் எப்படிக் கும்பிடு போடும் — எல்லாம் அதில் வர வேண்டும், ஓரத்தில் பழக்கவழக்கம் எழுத ஓர் இடமும்.

கரும்பு தின்னக் கூலியா? அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். ஆடுகளுக்கு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாலே போதும். எங்கள் தெருவில் ஆடுகள் ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி குடும்பத்தோடு திரியும். அவற்றை அதிகாரிகளாக்கினேன் — மனு கொடுத்தால் கடைசிவரை படித்துவிட்டுத் தின்றுவிடும். பூனைகள், சுக்கு மிளகு கோடவுன்களின் காவலர்கள், யூனிபார்மில் தூங்கும். நீர்க்காகங்கள் வைப்பின் தீவுப் பக்கம் படகு ஓட்டும், சிறகைக் காயவைத்துக்கொண்டே டிக்கெட் கிழிக்கும்.

கடைசியாக நீர்நாய். அதில்தான் மனசு முழுக்க இருந்தது. கம்பி கழன்ற குடையோடு ஒன்று, ஜன்னலோரம் சாயா குடிப்பது ஒன்று, படகுத்துறையில் யாரையோ எதிர்பார்த்து நிற்பது ஒன்று, கண்ணாடியைக் கழற்றாமலே தூங்கிப்போனது ஒன்று. படத்திலேயே தாள் நிறைந்துவிட்டது, பழக்கவழக்கம் மட்டும் எழுதவில்லை.

ஞாயிறன்று பரிப்புவடை சுட்டு எடுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட புடவையில் இறங்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... நீங்களும் ஆட வாங்க என்று கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அதற்குத்தான் வடை, அதற்குத்தான் புடவை.

ஆடு, பூனை, காகம் எல்லாம் பாஸ். அனூப் என்கிற பையன் ஆட்டை உடனே தனக்கென்று எடுத்துக்கொண்டான். நீர்நாய்த் தாளை மட்டும் ரெம்யா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அக்கா, இது ஒரு இனம் இல்லல்லோ. எல்லாம் ஒரே ஆளாக்கும்."

பார்த்தேன். ஆமாம். அதே குடை, அதே கண்ணாடி, ஒரே ஒரு டம்ளர். ஒரு ஜாதி ஜனத்தை வரையச் சொன்னால் ஒண்டியாக ஒரு ஆளை வரைந்து வைத்திருக்கிறேன். நீர்நாய்கள் குடும்பம் குடும்பமாகத்தான் திரியும், தூங்கும்போதுகூட ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டுதான் கிடக்கும் என்று அனூப் வேறு சொன்னான். பாவம், தெரிந்ததைச் சொன்னான். என் நீர்நாயை யாரும் ஆட வேண்டாம், படகுத்துறையில் உட்கார்ந்து போகிறவர்களுக்கு வழி சொல்லும் ஆளாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. வடை நன்றாக இருந்ததாம்.

"அக்காவுக்கு வேலை இருக்குமே?" என்றாள் ரெம்யா, பகடையை எடுத்தபடி. "ஆமாம்மா, தலைக்கு மேலே வேலை இருக்கு" என்றேன். எனக்கு ஏது வேலை? வாய் தானாகச் சொல்லிவிட்டது. மாடிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. இந்த வயதில், ஒரு விளையாட்டுக்காக.

கீழே கதை ஆரம்பித்தது. காது சும்மா இருக்குமா? ஆடும் பூனையும் காகமும் படகுத்துறைக்கு வந்துவிட்டன. நீர்நாயின் குரலில் ரெம்யா பேசினாள் — அச்சு அசல் என் குரல், என் இழுப்பு. ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்களேன் என்றது நீர்நாய். மாடிப்படியில் யாரைப் பார்த்தாலும் நான் சொல்வது அது. நேரமில்லை, அவசரமாகப் போக வேண்டும் என்றது பூனை. என்னிடம் எல்லோரும் சொல்வது அது.

அப்போது அனூப்பின் ஆடு கேட்டது, "எங்க கூட வர்றியா?"

"எனக்கு வேலை இருக்கு" என்றது நீர்நாய்.

வேண்டுமென்றே சொன்னாளா, வாயில் வந்ததா? தெரியாது. சரி, புறப்படலாம் என்று காகம் படகை அவிழ்க்கப் போனது. நான் எப்படிப் படியிறங்கினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. அவர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"பொய் சொல்லுது. அதுக்கு ஒரு வேலையும் கிடையாது" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ரெம்யா பகடையை என் பக்கம் நகர்த்தினாள். "அப்போ வாங்க அக்கா" என்றாள், மெதுவாக. நாற்காலி இல்லை, அனூப் எதிர் சாயாக்கடையிலிருந்து ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி வந்தான். முதல் பகடையிலேயே என் நீர்நாய் படகிலிருந்து தண்ணீரில் விழுந்தது. நீந்தத் தெரிந்த பிராணிதான்... இருந்தாலும் மூன்று பேரும் கை கொடுத்தார்கள்.

இன்று புதன்கிழமை. மாடியில் வழக்கம்போல் நானும் ஃபேனும்தான். சாயா ஒரு டம்ளர்தான் போட்டேன். சாய்வில்லாத ஸ்டூலில் உட்கார்ந்த முதுகுவலி இன்னும் போகவில்லை. கையோடு மாடிக்குக் கொண்டுவந்த நீர்நாய்த் தாளில் பழக்கவழக்கம் என்ற இடம் மட்டும் இன்னும் காலியாக இருந்தது. காலையில் அதை நிரப்பினேன்.

இந்த இனம் ‘வேலை இருக்கு’ என்று சொன்னால் நம்பாமல், இன்னொரு தடவை கூப்பிடவும்.