கிரிஜாவின் துடுப்பு

புதிதாக ஒரு கேம் வாங்கினால் கிரிஜா அதை வந்தது வந்தபடியே முதலில் ஆடி முடிப்பாள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். ஆடுகிறவர்கள் தாங்களாகவே செய்து இணையத்தில் போட்டு வைக்கிற மாற்றங்கள் உண்டு, மாட் என்பார்கள். புது உடை, புது வண்டி, போகாத உயிர், தீராத பொக்கிஷம் என்று எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் ஆட்டத்தில் அவள் அவற்றைத் தொட்டதே இல்லை. செய்தவன் என்ன நினைத்துச் செய்தான் என்று தெரியும் முன்பே அதில் கை வைப்பது, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுவது மாதிரி என்பாள்.

இது தொழில் கொடுத்த பழக்கம். ஹைதராபாத் அமீர்பேட்டில், கீழே டிபன் கடையும் மேலே ஹாஸ்டலுமாக இருந்த கட்டடத்தின் நடு மாடியில், சாஃப்ட்வேர் டெஸ்டிங் சொல்லிக்கொடுத்தே அவளுடைய பாதி வயது போயிற்று. அவள் படித்தது பி.காம். அந்த இன்ஸ்டிட்யூட்டில் ரிசப்ஷனுக்கு வந்தவள், கதவுக்கு வெளியே காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு, காலியாகக் கிடந்த மெஷினில் தானே செய்து பார்த்துக் கற்றுக்கொண்டாள். பிற்பாடு அவள் எடுத்த வகுப்புகளில் முதல் நாள் பாடம் எப்போதும் ஒன்றுதான். ஒரு புரோகிராமில் கோளாறு தெரிந்தால் உடனே கோளாறு என்று எழுதிவிடாதே. அந்த மெஷினில் யாராவது எதையாவது சேர்த்து வைத்திருக்கலாம். சேர்த்ததையெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி செய்து பார். அப்போதும் வந்தால்தான் அது செய்தவனுடைய கோளாறு.

வீட்டில் இதற்கு நேர் எதிர்க்கட்சி அவள் கணவர் புருஷோத்தமன். போலாரம் பஜாரில் ஹார்ன், ஹெட்லைட், பேட்டரி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். கொள்ளுத்தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு வந்து தங்கிவிட்ட குடும்பம். மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது டேப்லெட்டில் பஸ் ஓட்டுகிற கேம் ஆடுவார். அதில் அவர் மாற்றாத பொருள் எதுவும் பாக்கி இல்லை. பஸ்ஸின் நிறம் நம் ஊர் நிறம், போர்டில் செகந்திராபாத் டூ போலாரம், ஹார்ன் அவரே கடை வாசலில் பதிவு செய்தது. அந்த கேமை வெளிநாட்டில் யாரோ செய்தார்கள், அதற்கென்று ஒரு பஸ்ஸும் ஒரு ஊரும் இருந்தன என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"ஒரு தடவையாவது ஒரிஜினல் பஸ்ஸ ஓட்டிப் பாத்தீங்களா?" என்று கிரிஜா கேட்டாள்.

"எதுக்கு? அந்த ஊர்ல எனக்கு யாரத் தெரியும்?" என்றார் அவர்.

அவள் அப்போது ஆடிக்கொண்டிருந்தது ஒரு படகோட்டியின் கதை. சண்டை இல்லை, சுடுவது இல்லை. பாட்டுகூடக் கிடையாது, தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். ஒரு நதியின் முதல் துறையில் படகை எடுத்து, துறைக்குத் துறை ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டு கீழே போக வேண்டும். ஒரு துறையில் மருத்துவச்சி ஏறுவாள், இன்னொன்றில் மேளக்காரர், மற்றொன்றில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவன். எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போவார்கள். கடைசித் துறைக்கு அந்தப் பக்கம் படகோட்டியின் வீடு. அது எப்படி இருக்கும், அங்கே யார் இருப்பார்கள் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கிரிஜாவின் ஆசை. யாராவது எழுதியிருப்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள அவளுக்கு மனமில்லை. தானே துடுப்புப் போட்டுப் போய்ச் சேர வேண்டும்.

துடுப்புதான் சிக்கல். இடதுக்கு ஒரு விசை, வலதுக்கு ஒரு விசை. இரண்டையும் மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். பாதி நதி தாண்டியபோது அவள் விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. முடக்குவாதம் என்றார் டாக்டர். மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம், பழையபடி ஆகும் என்று சொல்ல முடியாது. காலையில் பற்பசை மூடியைத் திருக முடியவில்லை. சாதம் பிசைய முடியாமல், புருஷோத்தமன் ரப்பர் குழாய் சுற்றிக் கைப்பிடியைத் தடிமனாக்கிக் கொடுத்த ஸ்பூனால் சாப்பிட்டாள். வகுப்புகளை வீட்டிலிருந்தே வாயால் எடுத்தாள். இதற்கெல்லாம் அவள் பழகிக்கொண்டாள். நதியில் மட்டும் மலையிடுக்கு வந்ததும் நின்றுபோனாள். அங்கே வெள்ளத்தின் வேகத்துக்கு விசைகளைத் தட்டியாக வேண்டும். படகு பாறையில் மோதிக் கவிழும், இடுக்கின் வாயில் மறுபடி நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் விரலை வெந்நீரில் வைத்து எடுத்துவிட்டு உட்காருவாள். மறுபடி கவிழும்.

ஒரு ஞாயிறு புருஷோத்தமன் டேப்லெட்டைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தார். அவருடைய பஸ் குழுவில் விசாரித்தாராம். அந்தப் படகுக்கு ஒரு மாட் இருக்கிறது. ஒரே விசையை அழுத்திப் பிடித்தால் போதும், இரண்டு துடுப்பும் தானே மாறி மாறி விழும். படகைத் திருப்புவது மட்டும் ஆடுகிறவர் பொறுப்பு. செய்தவர் கீழே எழுதியிருந்தார்: தோளில் அடிபட்ட பிறகு எனக்காகச் செய்துகொண்டது, துடுப்பைத் தவிர வேறு எதையும் மாற்றவில்லை.

கிரிஜா அந்தக் கடைசி வாக்கியத்தைப் பார்த்துச் சிரித்தாள். வேறு எதையும் மாற்றவில்லை என்று சொல்லாத புரோகிராமரை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"நக்கோங்க, வேணாம். அது வேற ஆட்டம்," என்றாள்.

"ஸ்பூன்ல சாப்புடுறியே, அதுக்காக அது வேற சாம்பாரா?"

அவள் டேப்லெட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவரும் வற்புறுத்தாமல் கடைக்குப் போய்விட்டார். ஆனால் அந்த வாரம் முழுக்க ஸ்பூனை எடுக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி தட்டில் கிடந்தது. ருசி நாக்கில் இருக்கிறது, விரலில் இல்லை. சரி. ஆனால் அந்தப் படகில் விரலின் களைப்பும் ருசியில் சேர்ந்ததாக இருந்தால்? செய்தவர்கள் அந்தச் சிரமத்தை வேண்டுமென்றே வைத்திருந்தால்? இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகப் பட்டது. கடைசியில் நியாயத்தைவிட, அந்த வீட்டைப் பார்க்காமலே போய்விடுவோமோ என்ற எண்ணம் பெரிதாக நின்றது. அடுத்த ஞாயிறு மாட்டைச் சேர்த்தாள்.

படகு நகர்ந்தது. கவிழவில்லை. முதலில் ஏமாற்றுகிற மாதிரி கூச்சமாக இருந்தது. பாறைகள் நெருங்கியதும் கூச்சம் போய்ப் பயம் வந்தது, அது பழைய பயமேதான். முதல் அருவியைத் தாண்டினாள். இரண்டாவதைத் தாண்டும்போது வலது கரையில், மேலே ஒரு பாறை விளிம்பில், விளக்கு ஒன்று எரிவதைப் பார்த்தாள். படகு அதன் கீழே வந்ததும் விளக்கு அணைந்தது.

கிரிஜா விசையிலிருந்து விரலை எடுத்து, கரையோரம் தண்ணீர் அடங்கியிருந்த ஓர் ஒதுங்கலில் படகைக் கட்டினாள். அங்கே ஆட்டம் தன்னால் சேமித்துக்கொள்ளும்.

அந்த விளக்கு யாருடையது? நதியைச் செய்தவர்கள் வைத்ததா, துடுப்பை மாற்றியவருடைய கை தவறிப் பட்டு அணைந்ததா? இன்னும் கொஞ்சம் போனால் வீடு வந்துவிடும். இன்னொருத்தியாக இருந்தால் போயிருப்பாள். கிரிஜாவால் முடியவில்லை. அந்த விளக்கு யாருடையது என்று தெரியாமல் போய்ச் சேர்ந்தால், அங்கே பார்க்கிற வீடும் யாருடையது என்று சந்தேகமாகவே இருக்கும். அவள் கை தன் பாட்டுக்குப் பழக்கப்பட்ட வேலையைச் செய்தது. சேர்த்ததை எடுத்தாள். சுத்தமான ஆட்டத்தில், கட்டிவைத்த அதே இடத்தைத் திறந்தாள்.

ஆட்டத்துக்கு அந்தப் படகைத் தெரியவில்லை. புதுத் துடுப்போடு கட்டிய படகு அது. பழைய ஆட்டத்தின் கணக்கில் அப்படி ஒன்று கிடையாது. கொஞ்ச நேரம் திரை வெறுமையாக இருந்தது. பிறகு முதல் துறை வந்தது. காலிப் படகு, கரையில் யாரும் இல்லை. அந்த நிலையையே பழையதன் மேல் சேமித்தும்விட்டது.

எதையும் எடுக்கும் முன் ஒரு நகல் வைத்துக்கொள் என்பது அவளுடைய இரண்டாம் நாள் பாடம். விளையாட்டுதானே என்று அது தோன்றாமல் போயிருந்தது. முதல் பாடத்தை மட்டும் மறக்கவில்லை, அதுதான் இப்படிக் கொண்டுவந்து நிறுத்தியது.

புருஷோத்தமன் சாப்பிட வந்தபோது விஷயத்தைக் கேட்டு அவளையே பார்த்தார். "காப்பி எடுக்கலையா? நீயா?" என்றார். அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. அவள் கை மடியில் கிடந்த விதம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மாட் செய்தவருக்கு அவள் எழுதினாள். குற்றம் சொல்லவில்லை, விளக்கு அணைவதைப் பற்றி மட்டும் கேட்டாள். ஓரிரண்டு நாளில் பதில் வந்தது. விளக்கு தன்னுடையது இல்லை, முதலிலிருந்தே நதியில் இருப்பது என்றார் அவர். கையால் துடுப்புப் போடுகிறவர்கள் அந்த இடத்தில் தண்ணீரை மட்டுமே பார்ப்பார்கள், தலை நிமிர நேரமிருக்காது. அதனால் அவர்களில் யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை. இந்த மாட்டைப் போட்டவர்கள்தான் அவ்வப்போது கேட்கிறார்கள்.

கிரிஜா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். நம்பலாம் போலத்தான் இருந்தது. ஆனால் செய்தவன் வாய்ச்சொல்லை வைத்து அவள் எந்தக் கோளாறையும் முடித்ததில்லை. சுத்தமான ஆட்டத்தில், இரண்டாவது அருவியில், கண்ணால் பார்க்க வேண்டும். அங்கே போக அவளிடம் விரல் இல்லை.

"உங்க விரல் வேணும்," என்றாள் கணவரிடம்.

"ஹார்ன் உண்டா அதுல?"

"இல்ல."

"ஒண்ணாவது மாத்திக்கலாமா? படகுக்குப் பெயிண்ட்?"

"ஒண்ணும் கூடாது. வந்தது வந்தபடி."

"ஹவ், சரி," என்று பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு கேமை வந்தபடியே ஆடினார். ஞாயிறு மத்தியானங்கள் அதற்கே போயின. கிரிஜா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தானே தட்டிக்கொண்டு போன நாட்களில் பார்க்காதது நிறைய இருந்தது. மருத்துவச்சி படகின் ஓரமாகக் குனிந்து தண்ணீரில் கை கழுவுகிறாள். ஆட்டுக்காரனோடு இறங்கிய பிறகும் ஆடு படகைத் திரும்பிப் பார்க்கிறது. புருஷோத்தமன் எதையும் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார். ஸ்க்ரூ டிரைவர் பிடித்த விரல்கள் மலையிடுக்கிலும் தளரவில்லை. இரண்டு தடவை கவிழ்ந்தார். படகைச் செய்தவர்களின் பரம்பரையை உருதுவில் விசாரித்தார். அடுத்த தடவை முதல் அருவி போனது. இரண்டாவது வந்தது. வலது கரை, பாறை விளிம்பு, விளக்கு. படகு கீழே வந்ததும் அணைந்தது.

"பாத்தேன்," என்றாள் கிரிஜா.

"எத? எங்க?" அவர் கண் தண்ணீரை விட்டு எழவில்லை.

படகை ஒதுங்கலில் கட்டச் சொன்னாள். இன்னும் கொஞ்சம்தான், முடித்துவிடலாம் என்றார் அவர். விளையாட்டு அவரையும் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் சம்மதிக்கவில்லை. அந்த இடத்தை முதலில் நகலெடுத்து அவர் பெயரில் வைத்தாள். பிறகு மாட்டைச் சேர்த்து, முதல் துறையிலிருந்து தன் படகை எடுத்தாள். அவர் கட்டிவைத்த இடத்திலிருந்தே போயிருக்கலாம். ஆனால் அதுவரை துடுப்புப் போட்டது அவர். தன்னுடையது எந்தத் துடுப்பானாலும் முழு நதிக்கும் அதுவே இருக்கட்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

மழைக்காலம் பாதி போனபோது ஒரு ஞாயிறு கிரிஜா கடைசித் துறையைத் தாண்டினாள். புருஷோத்தமன் கடையைப் பூட்டிவிட்டு வந்தபோது தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அணைந்த திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முகம் நன்றாக இருந்தது.

"போயிட்டியா? வீடு எப்படி இருக்கு? யாரு இருக்காங்க?" என்று செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார்.

கிரிஜா எழுந்து நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள். சேர்த்ததை எடுத்துவிட்டு அவருடைய படகைத் திறந்தாள். ஒதுங்கலில், இரண்டாவது அருவிக்குக் கீழே, கட்டியபடியே நின்றது.

"போய்ப் பாருங்க," என்றாள். "நான் கரையப் பாத்துக்கிறேன்."