முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்

வெளியூரில் ஒரு ராத்திரி தங்கினாலும் மறுநாள் காலையில் அந்த இடத்தை ஓடிப் பார்க்காமல் எனக்கு ஆகாது. காரில் போனால் ஊர் தெரியாது. நடந்தால் பொறுமை போய்விடும். ஓடினால்தான் எந்த ரோடு எதோடு சேருகிறது, எங்கே மேடு, எங்கே கடை என்று மண்டையில் ஏறும். என் வீட்டுக்காரர் இதைத் திமிர் என்பார். "மத்த பொம்பளைங்க போற ஊர்ல கோயிலப் பாப்பாங்க. இவ ரோட்டப் பாத்துட்டு வருவா" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் நான். நாற்பதைத் தாண்டிய பிறகு, டாக்டர் மிரட்டி ஆரம்பித்த ஓட்டம் இது. போன வருஷம் கம்பெனி எங்களில் ஏழெட்டுப் பேரை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பியது. வேலையிடத்தில் அடிபடாமல் இருப்பது எப்படி என்று சொல்லித் தரும் பயிற்சி. அதில்தான் நான் கால் ஒடிந்து திரும்பினேன், அதை இன்னும் தொழிற்சாலையில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

பயிற்சி நடந்தது கோல சிலாங்கூர் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில். செமஸ்டர் விடுமுறை. மாணவர் விடுதியில் எங்களுக்கு அறை கொடுத்திருந்தார்கள். நாங்கள் தங்கிய மாடியைத் தவிர மற்றதெல்லாம் காலி. என்னோடு வந்தவர்களுக்குப் பொழுது விடிந்தால் சுங்கை செம்பிலாங்குக்குப் போய் மீன் சாப்பிடுவதைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு அந்த வளாகம் கடைசியில் எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலை வெளுக்கும் நேரத்தில் கிளம்பினேன். ராத்திரி முழுக்க நல்ல மழை. ரோட்டில் தண்ணீர் இல்லை, ஆனால் எல்லாப் பக்கமும் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. செம்பனைப் பக்கமிருந்து பனி ரோட்டுக்கு வந்து நின்றது.

எதிர் விடுதியின் இரண்டாம் மாடியில் ஒரு விளக்கு எரிந்தது. நான் ஓட ஓட அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையாக எரிந்துகொண்டே வந்தது. ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்குகள் அவை. அந்த விடுதியில் ஆளே இல்லை. நான் நின்றேன், விளக்கும் மேற்கொண்டு எரியாமல் நின்றது. பூனையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு மறுபடி ஓடினேன். அந்தப் பக்கம் பார்க்காமல் ஓடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நிர்வாகக் கட்டடத்தைத் தாண்டும்போது உள்ளே லிப்ட் திறந்தது. "கதவு திறக்கிறது" என்று மலாயில் ஒரு பெண் குரல் சொன்னது. யாரும் வெளியே வரவில்லை. "கதவு மூடுகிறது" என்றும் அதே குரல் மரியாதையாகச் சொன்னது. விரிவுரை மண்டபம் ஒன்றின் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான நாற்காலிகள் என் பக்கம் பார்த்திருந்தன. ஏதோ ஒரு விடுதிக் கொடியில் ஒரே ஒரு பாவாடை நனைந்து தொங்கியது, பிள்ளை எடுக்க மறந்து ஊருக்குப் போயிருக்கும்.

கடைசி விடுதிக்குப் பின்னால் ரோடு வளைந்தது. அந்த வளாகத்தில் எல்லா ரோடும் நேர்க்கோடு. இது மட்டும் ஒரு மரக்கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனது. மரங்களுக்குள் புல் முளைத்த மண்மேடுகள். ஓரத்தில் துருப்பிடித்த ஒரு சூலம், அதில் சிவப்புத் துணி. எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நானும் கலும்பாங் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்தவள்தான். எஸ்டேட்டை விற்றிருக்கிறார்கள், லயங்களை இடித்திருக்கிறார்கள், படிக்கிற பிள்ளைகளுக்குக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். சுடுகாட்டில் மட்டும் கைவைக்க எந்தக் காண்ட்ராக்டருக்கும் தைரியம் வரவில்லை.

பேய்க்கு நான் பயப்படுகிறவள் இல்லை. நாய்க்குப் பயப்படுவேன். வளைவில் மூன்று நாய்கள் படுத்திருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்தன. குரைக்கவில்லை. குரைத்திருந்தால் பரவாயில்லை. மூன்றும் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு நின்றன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நாய்களுக்கு வழிவிட்டு ஓரமாகப் புல்லில் கால் வைத்தேன். புல்லுக்குக் கீழே தரை இல்லை.

விழுந்தது லோங்காங்கில். ரோட்டோரச் சாக்கடை என்று நினைத்துவிடக் கூடாது, தோட்டத்துத் தண்ணீரையெல்லாம் ஆற்றுக்குக் கொண்டுபோகிற கான்கிரீட் கால்வாய் அது. சுவர் என் தலைக்கு மேலே போனது. வலது கால் மடங்கி விழுந்ததில் கணுக்காலில் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கையில் கட்டியிருந்த போன் சுவரில் மோதி, தண்ணீரில் முங்கி, செத்துப்போனது. முட்டிவரைக்கும் பழுப்புத் தண்ணீர். பாசி பிடித்த சுவரில் எங்கே கைவைத்தாலும் வழுக்கியது. ஒற்றைக் காலில் எத்தனை தரம் எகிறினாலும் விளிம்பு எட்டவில்லை.

அப்போதுதான் சுவரில் அந்தக் கறையைப் பார்த்தேன். முன்பு மழைக்குத் தண்ணீர் ஏறி நின்ற அடையாளம். அது என் நெற்றிக்கு மேலே இருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டும் இருந்தது.

கத்தினேன். என் குரல் ரோட்டுக்கு அடியில் போகும் பாலத்துக்குள் நுழைந்து, அந்தப் பக்கம், சுடுகாட்டுக்குள்ளிருந்து திரும்பி வந்தது. என்னைப்போலவே ஒருத்தி அங்கே நின்று கத்துகிற மாதிரி இருந்தது. அந்தக் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம். ஒருவர் சூலத்தின் அருகே வண்டியை நிறுத்தினார். பள்ளத்திலிருந்து பார்க்க அவருடைய தலையும் தோளும் தெரிந்தன. வண்டியின் பின்னால் கட்டியிருந்த புல் வெட்டும் மெஷினின் நீண்ட தண்டும் தெரிந்தது. வேலை தொடங்குமுன் சூடம் ஏற்றிக் கும்பிட வந்திருக்கிறார். தமிழர். எனக்கு உயிர் வந்தது.

"அண்ணே" என்று கூப்பிட்டேன்.

கும்பிட்ட கை அப்படியே நின்றது. அவர் திரும்பவில்லை.

"அண்ணே, அண்ணே, இங்க."

குனிந்து சாவியைத் தேடினார், வண்டியை உதைத்தார், போயே போய்விட்டார்.

என் வாயில் என்னென்ன வந்ததோ அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. திட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. ஆளில்லாத இடத்தில், அதுவும் இப்படி ஓர் இடத்தில், பின்னாலிருந்து பெண் குரல் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது, திரும்பவும் கூடாது. எஸ்டேட்டில் பிறந்த எல்லாருக்கும் அது தெரியும். நானே எத்தனையோ தரம் கழுத்தை விறைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறேன். கூப்பிட்டது மனுஷியாக இருந்தால் அவள் கதி என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. சில்லென்று இருந்தது. நான் வாய்விட்டு அழுதேன். பதினோராம் வகுப்பு படிக்கிற என் மகன் எட்டு மணிக்கு எழுந்து, அம்மா ஏன் இன்னும் மெசேஜ் அனுப்பவில்லை என்றுகூட யோசிக்க மாட்டான் என்று நினைத்து அழுதேன்.

பிறகு புல்லில் காலடி கேட்டது. விளிம்புக்கு மேலே பனிக்குள்ளிருந்து ஒரு முதுகு வந்தது. அவர்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமல், பின்னால் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து, என் பக்கம் பார்க்காமலேயே வந்தார். எனக்கு மயிர் கூச்செறிந்தது. விளிம்புக்குக் கொஞ்சம் தள்ளி முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தன் தோளுக்குப் பின்னால் கையை நீட்டி ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார். சூடம் மணத்தது.

"போயிடும்மா" என்றார். "எத்தன வருசமாச்சு. இன்னும் எதுக்கு இங்கயே கெடக்குற?"

"அண்ணே, நான் மனுசிண்ணே. காலு ஒடஞ்சிருச்சு. தண்ணி ஏறுதுண்ணே, சீக்கிரம் வாங்க."

அவர் தோள் குலுங்கியது. "அன்னிக்கும் இதத்தான சொன்ன. தண்ணி ஏறுதுண்ணே, சீக்கிரம் வாண்ணேன்னு. அப்படியே சொல்றியேம்மா."

"என்னிக்குண்ணே? நான் இப்பத்தான் விழுந்தேன்."

அவர் என்னிடம் பேசவில்லை. தங்கச்சியிடம் பேசினார். பேசியதிலிருந்து எனக்கு விளங்கியது இவ்வளவுதான். அப்போது இது எஸ்டேட். தங்கச்சி கடைசி லயத்தில் புருஷனோடு இருந்திருக்கிறாள். அண்ணனுக்குப் பிடிக்காத கல்யாணம். அவர் கோபித்துக்கொண்டு புக்கிட் பெலிம்பிங்கில் வீடு பார்த்துப் போய்விட்டார். பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு வெள்ளத்தின்போது, புருஷன் வெளியூரில் லோரி ஓட்டப் போயிருந்த நேரம், அவள் போன் பண்ணியிருக்கிறாள். இவர் போனைக் காதில் வைத்து முழுக்கக் கேட்டார். ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டார். மறுநாள் இந்தக் கால்வாயிலிருந்துதான் அவளை எடுத்தார்கள், அப்போது இது வெறும் மண் வாய்க்கால். அந்த மரங்களுக்குள் புதைத்தார்கள். புதைத்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்பதால் அவரும் பார்க்காமல் போனார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. அந்த நேரத்தில் எப்படி வரும்? தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது.

"அண்ணே, நான் ரவாங்குண்ணே. கோர்ஸுக்கு வந்தேன். அந்த ஹாஸ்டல்லதான் தங்கியிருக்கேன் லா. பேயி எங்கயாச்சும் ஜாகிங் போகுமா? ஒரே ஒரு தடவ திரும்பிப் பாருங்க."

"பாக்கச் சொல்லித்தான் கூப்புடுவன்னு சொல்லியிருக்காங்க" என்றார். "பாக்கக் கூடாதும்மா. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

உயிரோடு இருக்கிறேன் என்பதை ஒரு மனிதருக்கு நிரூபிக்க என்னிடம் எதுவுமே இல்லை. நான் எதைச் சொன்னாலும் அவள் சொன்னதாக ஆனது. அவள் செத்த இடத்தில், அவள் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். ஒரு கணம், நான் விழுந்த உடனேயே செத்துவிட்டேனோ என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது. காலில் வலி இல்லாமல் மரத்துப்போயிருந்தது.

அவர் மெல்லக் கேட்டார். "எம்மேல கோவமாம்மா?"

தண்ணீர் கழுத்தைத் தொட்டது.

"ஆமா" என்றேன். "கோவந்தான். அன்னிக்கும் நீ வரல. இன்னிக்கும் முதுகக் காட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்க. மொகத்தக் காட்டுண்ணே."

அவர் எழுந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். திரும்பினார்.

ஐம்பது வயது இருக்கும். அந்த முகத்தில் பயமே இல்லை. ரொம்ப நாளாக வராத ஒருத்தியை பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொள்ள வந்தவர் முகம் அது. கண்கள் தண்ணீரில் தேடின. என் தொப்பியைப் பார்த்தார், கம்பெனி பெயர் போட்ட மஞ்சள் சட்டையைப் பார்த்தார், நாற்பது வயது கடந்த, முன்னே பின்னே தெரியாத ஒரு பொம்பளையைப் பார்த்தார். அவர் முகம் விழுந்துபோனது. நான் உயிரோடு இருந்தது அவருக்கு அத்தனை பெரிய ஏமாற்றம்.

அதற்குப் பிறகு அவர் ஒரு நொடி தாமதிக்கவில்லை. வண்டிக்கு ஓடி, மெஷினைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வந்து என்னிடம் எறிந்தார், என் கையிடுக்கில் கட்டச் சொன்னார், புல்லில் குப்புறப் படுத்து இழுத்தார். நான் மேலே வந்து மண்ணில் முகத்தை வைத்துக் கிடந்தேன். தன் சட்டையைக் கழற்றி என்மேல் போர்த்தினார். போனை எடுத்து வளாகத்துக் காவல்கார ஜாகாவை ஜீப்போடு வரச் சொன்னார். எல்லாம் ஒழுங்காகச் செய்தார்.

ஜீப் வரும் வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெயர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நாய்கள் மூன்றும் திரும்பி வந்து ரோட்டில் படுத்துக்கொண்டன.

"அத நீங்கதான சொன்னீங்க" என்றார் கடைசியில். "கோவம்னு."

"நாந்தாண்ணே. வேற வழி தெரியல."

தலையாட்டினார். எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டார். அது பாலத்துக்கு அடியில் போய் மறையும் வரை பார்த்தார்.

"கோவம் இல்லண்ணேன்னு சொல்லியிருக்கலாமேம்மா."

எனக்குச் சுருக்கென்றது. "சொல்லியிருந்தா திரும்பியிருப்பீங்களாண்ணே?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"மாட்டேன்" என்றார். "நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேன்."