தண்டல் தோணியோடு போன வாரம்

கொழும்பு ரேடியோவில் சனிக்கிழமை சாயங்காலம் வந்துகொண்டிருந்த விண்வெளி நாடகத்தைப் பற்றி என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுவில் என்னைக் காலேஜ் படிப்பு முடிந்த கையோடு, மாப்பிள்ளை வரட்டும் என்று தூத்துக்குடியில் வீட்டோடு உட்கார்த்திவைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வருகிற வழியாக இல்லை. நாடகம் மட்டும் வாரம் தவறாமல் வந்தது.

பூமியிலிருந்து புறப்பட்ட ஒரு விண்கலம், ஊர் திரும்ப வழி தெரியாமல் நட்சத்திரம் நட்சத்திரமாக அலைகிறது. கதை அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு கிரகம், கிரகத்துக்கு ஒரு ஆபத்து. நான் பாவாடை தாவணியில் கேட்க ஆரம்பித்தது, சேலைக்கு மாறிய பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லா வாரமும் நன்றாக இருந்தது என்று சொன்னால் அது பொய். ராணி வருகிற வாரங்கள் எனக்கு ஆகாது. எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அங்கே ஒரு ராணி இருப்பாள், அவளுக்கு இன்னும் கலியாணம் ஆகியிருக்காது. நம் பாஷையைக் கேட்டே இராதவள், பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டியில் பேசுவது போலச் சுத்தத் தமிழ் பேசுவாள். ஓசையே இல்லாத கிரகம் என்று ஒரு வாரம் வந்தது, அது வேறு ஜாதி. கலத்தின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அப்பா ரேடியோவின் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினார். அம்மா பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினாள். வால்வு சூடேறிக் குரல் வருவதற்குள் கலம் அங்கிருந்து கிளம்பியே விட்டது. அன்று வீட்டில் நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சம் இல்லை.

அந்தச் சண்டை புரிகிற ஆள் ஒரே ஒருவர்தான், அடுத்த வீட்டு அண்ணன். கொழும்புக்குப் போய்வரும் தோணி ஒன்றில் தண்டல். தோணியை நடத்திக்கொண்டு போகிறவருக்கு எங்கள் கரையில் அதுதான் பெயர். அத்தனை சின்ன வயதில் தண்டல் ஆனவர் அப்போது அங்கே வேறு யாரும் கிடையாது. அந்தக் கர்வம் அவர் நடையிலேயே தெரியும். வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு டிரான்சிஸ்டரையும் கூடவே கொண்டுபோவார். கடல் நடுவில் அதே நாடகத்தைக் கேட்டுவிட்டு, திரும்பி வந்ததும் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என்னோடு மல்லுக்கு நிற்பார்.

“மூணு நிலா உள்ள ஊர்ல எப்ப கடல் ஏறும், எப்ப வத்தும்னு எவன்ளா சொல்லுவான்? இவன் பாட்டுக்கு எறக்கிட்டான்!”

“அந்தக் கிரகத்துல கடலே கெடையாது அண்ணே. ஒழுங்காக் கேளுங்க.”

“கடல் இல்லாத ஊருக்கு என்ன எழவுக்குப் போனான்?”

எங்கள் நாடகத்துக்கு எங்கள் பாஷையைப் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். விண்கலம், கேப்டன் என்ற சொற்களெல்லாம் அவருக்கு ஆகாது. விண்கலம் தோணி ஆயிற்று, கேப்டன் தண்டல் ஆனார். அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன், கீழவைப்பாரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளும் நானும் கூட அப்படியே பேசப் பழகிவிட்டோம். ‘தண்டல் இந்த வாரம் ராணிகிட்ட மாட்டிக்கிட்டாவ’ என்று நான் சொன்னால், எந்தத் தண்டல் என்று மதினி கேட்கமாட்டாள்.

அவருடைய அம்மாவுக்கு, என் வாயில் பெரியம்மாவுக்கு, இந்த விவகாரம் எதுவும் தெரியாது. சனிக்கிழமை மாதாவுக்கு உகந்த நாள், அன்றைக்குப் போய் ரேடியோவா என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானும் செபமாலை சொல்லிவிட்டுத்தான் ரேடியோவைத் திறப்பேன், ஆனால் மாலையின் கடைசிப் பத்து மணிகளில் அருள்நிறைந்த மரியே குதிரை வேகத்தில் ஓடும். அதைக் கேட்டாலே பெரியம்மாவுக்கு என்னைப் பிடிக்காது. அதனால் எங்கள் கதைப்பேச்சு பெரியம்மா இல்லாத நேரம் பார்த்துத்தான் நடக்கும். ஒளித்து வைக்காமல் அவளையும் உட்காரவைத்து ஒரு வாரம் கேட்கச் சொல்லியிருந்தால் போதும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணன் கடலில் இருக்கும்போது டிரான்சிஸ்டரும் கடலில் இருக்கும். அந்த வாரங்களில் மதினிக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கொல்லைச் சுவரோரம் நான்தான் கதை சொல்வேன். சும்மா சொல்லமாட்டேன், ஒவ்வொரு குரலிலும் சொல்வேன்.

அண்ணன் கொழும்புக்குப் போயிருந்த ஒரு வாரம் வந்த கதைக்கு ஈடாக வேறொன்றை நான் ரேடியோவில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கலம் பழுதாகி, ஆட்கள் குடியிருக்கும் ஒரு கிரகத்தின் மேல் விழப் போகிறது. கேப்டன் தன் ஆட்களையெல்லாம் சின்னக் கலத்தில் ஏற்றி இறக்கி அனுப்பிவிட்டு, தான் மட்டும் இருந்து பெரிய கலத்தைச் சூரியனுக்குள் திருப்புகிறார். கலத்தை ஓட்டுகிற எந்திரம், ஆபத்து ஆபத்து என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. “நாம் இரண்டு பேர்தானே இருக்கிறோம், யாருக்குச் சொல்கிறாய்?” என்று கேப்டன் கேட்கிறார். எந்திரம் வாயை மூடிக்கொள்கிறது. அவர் ஏதோ பழைய பாட்டை முணுமுணுக்கிறார். அந்த முணுமுணுப்பு பாதியில் நின்றது. வழக்கமாக முடிவில் வருகிற இசையைக்கூட அன்று போடவில்லை. இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் மதினியைக் கண்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மிச் சொன்னேன்.

“மதினி, தண்டல் போயிட்டாவ! எல்லாரையும் கரையேத்தி விட்டுட்டு, தோணியோடயே போயிட்டாவ. ஒண்ணும் மிஞ்சல மதினி.”

மதினியும் “ஐயோ, அவுகளா!” என்று வாயில் கையை வைத்தாள். அவள் கண்ணும் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் பெரியம்மா கோயிலிலிருந்து திரும்பி, அடுப்பெரியும் குசினியின் வாசலில் கருவாடு பரப்பிய சுளகோடு வந்து நின்றிருக்கிறாள். நாங்கள் பார்க்கவில்லை. சுளகு விழுந்த சத்தம் கேட்டு மதினி திரும்பினாள். பூனை தட்டிவிட்டிருக்கும் என்று சொல்லி, சிதறிய கருவாட்டைப் பொறுக்கிக்கொண்டே, “பெறவு என்ன ஆச்சு, சொல்லு” என்றாள். நானும் சொன்னேன். அந்த எந்திரத்தை அப்படிச் செய்திருக்கலாமா, இப்படிச் செய்திருக்கலாமா என்று என் அபிப்பிராயங்களையும் ஒன்று விடாமல் சொன்னேன். பெரியம்மா மாதா கோயிலுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் செய்துகொண்டிருந்த வேலை அதுதான்.

தெருக்காரப் பெண் ஒருத்தி வந்து கூச்சல் போட்ட பிறகுதான் ஓடினோம். பெரியம்மா மாதா சுரூபத்துக்கு முன்னால் குப்புறக் கிடந்தாள். ஓடிய வழியெல்லாம் அவள் ‘தோணி போச்சு’ என்று அலறியதைக் கேட்டு, அண்ணனின் தோணியில் ஆள் அனுப்பியிருந்த வீட்டுப் பெண்களும் சுற்றிலும், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு. நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“பெரியம்மா, அது ரேடியோ கதை! கதையில உள்ள தண்டல்! அண்ணனுக்கு ஒண்ணும் இல்ல!”

ஒருத்தி ஓங்கி என் கன்னத்தில் அறைந்தாள். வலித்ததா என்றுகூட நினைவில்லை. பெரியம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

“அப்ப, எம் மவன் போயிட்டாங்கிற சேதி பொய்யா?”

“பொய்தான் பெரியம்மா. நூத்துக்கு நூறு பொய்.”

அவள் என்னைத் திட்டவில்லை. மாதாவின் பாதத்தைத் தொட்டு முத்தமிட்டு, எல்லாரும் கேட்க, நிதானமாகச் சொன்னாள்: “இந்தச் சேதியப் பொய்யாக்கித் தா தாயே, இனி அவன் காலு தோணியில படாது, பட்டா எங் கண்ணு ரெண்டையும் எடுத்துக்கோன்னு நேந்துக்கிட்டேன். பொய்யாக்கித் தந்துட்டா.”

அது முதலிலிருந்தே பொய்தானே என்று யார் அவளிடம் வாதாட முடியும்? அவள் கேட்டது கிடைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் நேர்ச்சை என்பது வாயிலிருந்து வந்தால் வந்ததுதான்.

அண்ணன் கொழும்பிலிருந்து முழுசாக வந்து சேர்ந்தார். விஷயம் தெரிந்ததும் சுவருக்கு வந்து முதலில் சிரிக்கத்தான் சிரித்தார். “கதைக்குப் போயா இந்தக் கூத்து?” என்றார். பிறகு வீட்டுக்குள் போனார். கோயில் சாமியாரிடமும் போய்க் கேட்டார். தவறான சேதியைக் கேட்டு நேர்ந்ததுதானே, ஏழைகளுக்கு ஒருவேளைச் சாப்பாடு போட்டுக் கழித்துவிடலாம் என்று சாமியார் வழி சொன்னார். பெரியம்மா கேட்டால்தானே?

“சாமி சொல்லுவாவ. போறது எங் கண்ணுல்லா?”

அடுத்த நடைக்குச் சரக்கு ஏற்றியாகிவிட்டது. அண்ணனும் பிடிவாதக்காரர்தான். துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். பெரியம்மா தடுக்கவில்லை, அழவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து கண்களை இறுக மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து, சுவரைத் தடவித் தடவி, தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள்.

“என்னம்மா செய்யுத?” என்று அவர் கேட்டார்.

“பழகிக்கிடுதேன்.”

அவர் மூட்டையை இறக்கி வைத்தார். எங்கள் வீட்டு ஜன்னலில் நின்று அதை நான் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது என்று இன்றைக்கும் தோன்றும். தோணி முதலாளி அன்றைக்கே வேறு தண்டலைப் போட்டு அனுப்பிவிட்டார். நாடகத்திலும் அடுத்த சனிக்கிழமையே புதுக் கேப்டன் வந்து இறங்கினார். நல்ல குரல்தான், ஆனால் ஒரு வாரம்கூடத் துக்கம் கொண்டாடாமல் உத்தரவு போட ஆரம்பித்தது எனக்குப் பிடிக்கவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

அண்ணனுக்கு உப்பு ஏற்றுகிற இடத்தில் மேற்பார்வை வேலை கிடைத்தது. உப்பு மூட்டை போகிற பலகையின் இந்த நுனியில் நிற்பார். அந்த நுனி தோணியில் இருக்கும். டிரான்சிஸ்டரைப் புதுத் தண்டலிடம் கொடுத்துவிட்டார். சுவர்ப் பக்கம் வருவதில்லை. நான் எதிரே வந்தால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான்.

மதினி ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ரகசியம் போலச் சொன்னாள். “ஏளா, யாருகிட்டயும் சொல்லாத. ராத்திரி காத்து அடிச்சா இப்பந்தான் நான் தூங்குதேன். நீ செஞ்சது எனக்கு நல்லதுதான்.” அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குசினியில் உட்கார்ந்து அழுதேன். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்தேன். வரவில்லை. எதற்கென்று கேட்பது? கதையைக் கதை என்று சொல்லாமல் சொன்னதற்கா, அதை அவ்வளவு நன்றாகச் சொன்னதற்கா?

பல மாதம் கழித்து, கச்சான் காற்று மண்ணை வாரியடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவராகவே சுவரோரம் வந்து நின்றார். தலைமுடியிலெல்லாம் உப்புப் பொடி.

“அன்னைக்கு என்னதான் கதை போட்டான்? பாயை எறக்கி ஏத்துறதுலயே எனக்குப் பொழுது போயிட்டு, கேக்கல. ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டுந்தான் தெரியாது.”

“அது ஒண்ணும் பெரிய கதை இல்ல அண்ணே.”

“சும்மா சொல்லுளா.”

மோசமாகத்தான் சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடலாம், கேப்டன் என்ற சொல்லையே போடலாம் என்றெல்லாம் நினைத்தேன். முடியவில்லை. நான் கேட்டதிலேயே ஆக நல்ல கதை அது. வாயைத் திறந்ததும் எந்திரத்தின் குரல் வந்தது, கேப்டனின் குரல் வந்தது, அவர் பெயர் மட்டும் தண்டல் என்றே வந்தது. இந்த மனுஷனின் பிழைப்பைக் கெடுத்த கதையை இவ்வளவு ஆசையாகச் சொல்கிறோமே என்று உள்ளுக்குள் கூசிக்கொண்டே, ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தேன். பாட்டு பாதியில் நின்ற இடத்தில் நானும் நிறுத்தினேன்.

மூன்று நிலாவுக்குச் சண்டை போட்டவர் இதற்கும் ஏதாவது குறை சொல்வார், சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் சுவரில் இருந்த காரையைக் கொஞ்சம் நகத்தால் சுரண்டினார்.

“நல்லாருக்கு,” என்றார். “அவனயாவது தோணியோட போகவிட்டாங்களே.”