ஸ்கூட்டிக்குப் பின்னால் ஓடும் லத்தீபா

"புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன். நீங்க முன்னாடி பாருங்க" என்று சொல்லிக்கொண்டே லத்தீபா ஓடுகிறாள். கையில் எதுவும் இல்லை. ஸ்கூட்டியின் பின்கம்பியை விட்டு நாற்பது தப்படி ஆகிவிட்டது. ஓட்டுகிற பெண்ணுக்கு அது தெரியாது. குரல் முதுகுக்குப் பின்னால் கேட்கும்வரை கையும் இருப்பதாக நம்புவாள். அதனால் கையை விட்ட பிறகும் லத்தீபா ஓட்டத்தையும் பேச்சையும் விடுவதில்லை.

திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே, தண்ணீர் இல்லாத கண்மாய்க்குள், தினமும் காலை ஆறு முதல் எட்டு மணிவரை இது நடக்கும். புர்காவை மடித்துச் செருகியிருப்பாள். காலில் மகன் பள்ளிக்கூடத்தில் போட்டுத் தேய்த்த கான்வாஸ் ஷூ. வயது நாற்பத்தாறு. அண்ணன் நஜீம் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். ஆண்களிடம் வண்டி பழகப் பெண்கள் கூச்சப்படுகிறார்கள் என்று பத்தொன்பது வருடத்துக்கு முன் தங்கையைத் துணைக்குக் கூப்பிட்டார். இப்போது அவர் கார் மட்டும் பார்க்கிறார். ஸ்கூட்டி முழுக்க இவள் பாடு.

நான் ஓய்வுபெற்ற நர்ஸ். ஒரு கிளினிக்கில் அரைநாள் வேலை பார்க்கிறேன். நாற்பது வயது தாண்டியவர்கள் லைசென்ஸ் எடுக்கவும் புதுப்பிக்கவும் டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள். செவ்வாய்க்கிழமைகளில் நாலைந்து பேரை லத்தீபா கூட்டிவருவாள். யாருக்கு எந்த மாதம் லைசென்ஸ் முடிகிறது என்பது எல்லாம் அவள் தலைக்குள் இருக்கிறது. நோட்டுப் புத்தகம் கிடையாது. ஒருமுறை கிளினிக் வராந்தாவில் ஒரு டீச்சரிடம், உங்களுக்கு ஆவணியில் நாற்பது முடியுது, அதோட லைசென்ஸும் முடியுது, மறந்துராதீக என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டாள். டீச்சர் முறைத்தார்.

"புருசன்கிட்ட வயசக் கொறைக்கலாம் டீச்சர். லைசென்ஸ்ல முடியாதுல்ல" என்றாள் லத்தீபா.

பதினெட்டு முடியாத பிள்ளைகளை அவள் வண்டியைத் தொட விடுவதில்லை. ப்ளஸ் டூ படிக்கும் திவ்யாவை அவள் அம்மா கூட்டிவந்து, டியூஷனுக்கு மட்டும்தான் என்று கெஞ்சிப் பார்த்தார். கியர் இல்லாத வண்டிக்குப் பதினாறு வயதே போதுமாமே என்றும் கேட்டார். அது ஐம்பது சிசிக்குள் இருக்கிற வண்டிக்கு, பெற்றவர்கள் கையெழுத்தோடு. உங்கள் வீட்டு வண்டி நூற்றுப்பத்து சிசி என்று லத்தீபா பொறுமையாக விளக்கினாள். அம்மா விடவில்லை.

"மாட்டுனா புள்ளைய ஒண்ணும் செய்ய மாட்டாக. உங்களத்தான் உள்ள வைப்பாக. அங்கிட்டு டியூசன் கெடையாது" என்றாள் லத்தீபா.

திவ்யாதான் முதலில் சிரித்தாள். பதினெட்டாவது பிறந்தநாள் கழிந்த மறுநாள் வரச்சொல்லி லத்தீபா அனுப்பினாள்.

இத்தனை பேருக்கு எட்டுப் போடக் கற்றுக்கொடுத்தவளிடம் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் டெஸ்ட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால், கால் தரையில் படாமல் எட்டு வடிவத்தில் வண்டியை வளைத்து வர வேண்டும். அதை எங்கே திரும்புவது, எங்கே வேகம் குறைப்பது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். முன்சீட்டில் உட்கார்ந்தது மட்டும் இல்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குப் பின்னாடி ஓட ஆளு ஏது சிஸ்டர்?" என்றாள்.

இந்தத் தை மாதம் வலது முழங்கால் வீங்கி வந்து நின்றாள். தொட்டால் சூடு. சில்லுக்கு மேலே நீர் கோத்திருந்தது. இனி ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் மழுப்பவில்லை, ஓடினால் நடக்க முடியாமல் போகும் என்றேன். ஓடாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. இன்னொரு ஸ்கூட்டியில் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு போய்ச் சொல்லிக்கொடுக்கலாம். அது ஒன்றுதான் வழி. அதற்கு முதலில் இவள் எட்டுப் போட வேண்டும்.

எல்.எல்.ஆருக்கான கேள்விகளில் ஒன்றையும் விடவில்லை. வண்டியில்தான் சிக்கல். பின்னால் பிடிக்க பாண்டிச்செல்வி வந்தாள். உசிலம்பட்டிக்காரி, இங்கே அங்கன்வாடியில் வேலை, போன வருடம் இவளிடம் பழகியவள். காலையில் நான் நடக்கப் போகிற வழி அது. நின்று பார்த்தேன். பத்தடிக்கு ஒருமுறை லத்தீபா கழுத்தைத் திருப்பினாள். திருப்பியதும் வண்டி சாய்ந்தது, கால் தரைக்கு வந்தது.

"புடிச்சிருக்கேன்க்கா."

"இதத்தான நானும் சொல்லுவேன்."

"எம்புள்ள மேல சத்தியமா விடலக்கா."

மறுபடியும் திரும்பினாள். பாண்டிச்செல்வி உண்மையிலேயே விடவில்லை. விரல்கள் கம்பியில் இறுகிச் சிவந்திருந்தன. ஆனால் கையை விட்டுவிட்டு "புடிச்சிருக்கேன்" என்று பத்தொன்பது வருடம் சொன்னவளால், அந்த வார்த்தையை இன்னொருத்தி சொல்லி நம்ப முடியவில்லை.

முதல் டெஸ்ட்டில் பின்னால் யாருமே இல்லை. இருக்கவும் கூடாது. அப்படியும் இரண்டாவது வளைவில் திரும்பிப் பார்த்தாள். கால் ஊன்றியது. ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி இன்ஸ்பெக்டர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

மறுநாள் கண்மாய்க்கரையில் உட்கார்ந்து, இத்தனை பெண்களை ஏமாற்றிய பாவம்தான் தன்னைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் அப்படி இல்லை. பாண்டிச்செல்வி ஷூவில் ஒட்டிய கரம்பை மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"அந்தப் பொய்யிலதான் நான் இன்னைக்கு வேலைக்குப் போய்ட்டு வாரேன்க்கா."

லத்தீபா எழுந்து, பழக வந்திருந்த எல்லாரையும் கூப்பிட்டாள்.

"எம்பின்னாடி ஒரு ஈ கூட நிக்கக் கூடாது. அம்புட்டுப் பேரும் எனக்கு முன்னாடி வாங்க. கையத் தூக்கிக் காட்டுங்க. எல்லாக் கையும் எனக்குத் தெரியணும்."

எட்டின் மறுகோடியில் ஐந்து பெண்கள் வரிசையாக நின்று கைகளைத் தூக்கினார்கள். எதிரே பத்துக் கைகளும் கண்ணுக்குத் தெரிந்தன. பின்னால் தேட ஒன்றும் மிச்சமில்லை. அன்று இரண்டு முறை முழு எட்டுப் போட்டாள்.

இரண்டாவது டெஸ்ட்டுக்கு முழங்காலில் கட்டுப் போட்டுவிட நானும் போனேன். டெஸ்ட் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே அதே ஐந்து பெண்கள் கை தூக்கி நின்றதைப் பார்த்து, போலீஸ் பிடித்த மாதிரி நிற்கிறீர்களே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வேண்டுதல் என்று பாண்டிச்செல்வி சொல்லிவைத்தாள். லத்தீபா வண்டியை எடுத்தாள். "பைய, பைய, இப்பத் திருப்புங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. கழுத்து அசையவில்லை. வண்டி வந்து நின்றதும் இன்ஸ்பெக்டர் தாளில் டிக் அடித்து, போகலாம் என்று கை காட்டினார்.

அடுத்துக் கூப்பிட்ட பெயர் மலையம்மாள். ஐம்பது வயது இருக்கும், எங்களுக்கு அறிமுகம் இல்லாதவர். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற தன் வீட்டுக்காரரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாத லத்தீபா நேரே போய் அந்த வண்டியின் பின்கம்பியைப் பிடித்துவிட்டாள்.

"யாரும் தொடக் கூடாதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

கம்பியை விட்டாள். கட்டுப் போட்ட காலை இழுத்து இழுத்துக் கயிற்றோரமாக மைதானத்தைச் சுற்றிக்கொண்டு மறுகோடிக்குப் போனாள். அந்த அம்மாளுக்கு நேர் எதிரே நின்று, இரண்டு கைகளையும் விரித்து, வெறுங்கை தெரியும்படி உயரத் தூக்கினாள்.