தீவுக்கென்று கிளம்பிய படகு

போன வாரம் சுங்கைப் பட்டாணி டவுனில் ஓர் இரும்புக்கடைக்குப் போயிருந்தேன். குளியலறைக்குக் குழாய் வாங்கத்தான். உள்ளே நுழைந்ததும் புதுக் கித்தான் வாடை முகத்தில் அடித்தது. லாரியை மூடுகிற அந்தத் தடித்த பச்சைத் துணிக்கு மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்தது மாதிரி ஒரு வாடை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்கிறார், எனக்குக் குழாய் மறந்துபோய்விட்டது. எங்கள் படகு ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. இந்த வயதிலும் வருகிறது, என்ன செய்ய?

சிரிக்காதீர்கள், எங்களிடம் பாய்மரப் படகு இருந்தது. அப்பா அப்போது யான் என்ற கடலோர ஊரில், வயல்களுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு நிலையத்தில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலேயே கால்வாய். மீன்பிடிக்கிறவர் ஒருவர் வேண்டாமென்று போட்டுவிட்ட படகை இழுத்து வந்து, ஓட்டையெல்லாம் அடைத்து, நடுவில் ஒரு மரத்தை நட்டார். பாய்க்கு லாரிக் கித்தான். அம்மாவின் தையல் மிஷின் முதல் தையலிலேயே ஊசியை முறித்துக்கொண்டது. பிறகு அம்மாவும் நானும் கோணி ஊசியால் தைத்தோம். விரலெல்லாம் குத்து. ஆகவே அந்தப் பாயில் பாதி என்னுடையது என்பது என் கட்சி.

ஆயுத பூசையன்று அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குப் பூசை போட்ட கையோடு அம்மா படகுக்கும் போட்டார். முன்பக்கத்தில் சந்தனம், குங்குமம் எல்லாம் சரிதான். ஆனால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதுபோல் படகுக்கும் வைத்தே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். படகு நிற்பதோ தண்ணீரில். பழம் அது பாட்டுக்கு மிதந்து போனது. அண்ணன் பின்னாலேயே குதித்து, நீந்திப் பிடித்து வந்து, படகின் விளிம்பில் ஓங்கி அடித்து நசுக்கினான்.

"இப்ப நல்லா ஓடும்லா," என்றான். அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவன். அவன் சொன்னால் எனக்கு வேத வாக்கு.

கால்வாய் கடலில் சேரும் இடத்தில் நின்று பார்த்தால் தூரத்தில் ஒரு குட்டித் தீவு தெரியும். "ஒரு நாளைக்கு அங்க போயி சோறாக்கித் திம்போம்," என்பார் அப்பா. நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை காலையில், "கெளம்புங்க, இன்னிக்குத் தீவுக்கு," என்றார். அம்மா சோறும் நெத்திலிச் சம்பாலும் கட்டினார். ஒரு பையில் நாங்கள் டவுனுக்குப் போட்டுக்கொள்ளும் உடுப்புகளையும் எடுத்துவைத்தார். தீவுக்கு எதற்கம்மா நல்ல சட்டை என்று கேட்டேன்.

"நனைஞ்சா மாத்த வேணாமா?"

கால்வாயில் பாய் விரித்துப் போவது கேட்பதற்குத்தான் கம்பீரம். பாதி நேரம் காற்று இருக்காது, பாய் ஈரத்துணி போலத் தொங்கும், அப்பாவும் அண்ணனும் கழி ஊன்றித் தள்ளுவார்கள். வயலில் நின்ற மலாய்க்காரர் ஒருவர், "நாக் பி மானா?" என்று கத்தினார். எங்கே போகிறீர்கள் என்கிறார். "ஜாலான் ஜாலான் சாஜா," சும்மா உலாத்தத்தான் என்றார் அப்பா. தீவுக்கு என்று ஏன் சொல்லவில்லை என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

பாலங்கள் எல்லாமே தாழ்வு. ஒவ்வொரு பாலத்துக்கும் மரத்தை இறக்க வேண்டும். அம்மா கயிற்றைத் தளர்த்துவார், அண்ணன் மரத்தின் அடியைப் பிடித்துக்கொள்வான், அப்பா மெல்லச் சாய்ப்பார், பாய் தண்ணீரில் விழாமல் நான் அள்ளி அணைத்துக்கொள்வேன். பாலத்தடியில் எல்லோரும் குனிந்து கிடப்போம். ஜில்லென்று சேற்று வாடை. வெளியே வந்ததும் "ஏத்துங்க!" என்று கத்துவது என் வேலை. அன்றைக்கு நான் கத்திய கத்தலில் கொக்கெல்லாம் பறந்தது.

கடல் தெரிந்தது. தீவும் தெரிந்தது. ஆனால் அப்பா படகை ஒரு மரப்பலகைத் துறையில் ஒதுக்கினார். அங்கே ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். அப்பா இறங்கி, துணியை நனைத்து, படகின் சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைக்க ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா அழிக்கிறீங்க?"

அப்பா துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தார். அந்த மனிதர் படகில் ஏறி, மரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, "பாகுஸ்," நன்றாக இருக்கிறது என்றார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"சுங்கைப் பட்டாணிக்கு மாத்திட்டாங்க பாப்பா. டேரஸ் வீட்டுல படக எங்க வைக்கிறது?"

"அப்பறம் ஏன் தீவுன்னு சொன்னீங்க?"

"பாலத்துக்குப் பாலம் மரத்த எறக்கணும். ஒத்த ஆளா முடியாதுலா."

விற்றதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். என்னை வைத்தே, நான் பாடிக்கொண்டும் கத்திக்கொண்டும் இருக்க, கொண்டுபோய்க் கொடுத்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. துறைக்குப் பக்கத்தில் இருந்த கொட்டகையில் அம்மா எங்களுக்கு நல்ல உடுப்பு மாட்டிவிட்டார். திரும்பி வர பஸ். சோற்றுப் பொட்டலத்தை நான் தொடவில்லை. அண்ணன் வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தான். பாவம், என்னைப்போல அவனும் மோசம் போனவன் என்று அந்தப் பிடியிலேயே எனக்கு ஆறுதல். அதற்குப் பிறகு, சுவரோடு சுவர் ஒட்டிய அந்த டேரஸ் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி. அப்பா எதையாவது செய்கிறேன் என்றால் அவன் முகத்தை நான் பார்ப்பேன், என் முகத்தை அவன் பார்ப்பான்.

யான் பக்கம் போனால் இப்போது அந்தக் கால்வாய்க்கு இருபுறமும் சிமெண்டுக் கரை, குறுக்கே தாழத் தாழத் தண்ணீர்க் குழாய்கள். மரத்தை இறக்கினாலும் படகு போகாது. அப்பாவும் இல்லை. அவருடைய கருமக்கிரியை முடிந்து இலையில் உட்கார்ந்திருந்தபோது படகுப் பேச்சு வந்தது. அண்ணன் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான்.

"எனக்கு மொத நாளே தெரியும்லா. அப்பா சொல்லிட்டாரு. ஒங்கிட்ட சொன்னா நீ ஏறமாட்ட, அப்பறம் பாய யாரு பிடிக்கிறதுன்னாரு."

இத்தனை வருடமும் ஏமாந்தது இரண்டு பேர் என்று நினைத்திருந்தேன். நான் ஒருத்திதான்.