கூடத்துச் செவுத்துல ரெண்டு தோப்பு

எங்க நைனாவுக்கு மரம்னா உசுரு. ஆனா அது செவுத்துல இருக்கணும். இலை கொட்டக்கூடாது, எறும்பு ஏறக்கூடாது, காக்கா எச்சம் போடக்கூடாது.

எங்க ஊரு புத்தூர் ஆந்திராவுக்கா மெட்ராசுக்கான்னு ஊரே அடிச்சிக்கினு கிடந்த சமயம் அது. எல்லையைப் பார்க்க ஆபீசருங்க வருவாங்க, வந்தா நம்ம வீட்லதான் இறங்குவாங்கன்னு அவரா முடிவு கட்டிட்டாரு. யாரு சொன்னா? ஒருத்தரும் சொல்லல. எங்கியோ ஒரு ஜமீன் பங்களாவுல செவுரெல்லாம் கொடியும் பூவும் கிளியுமா எழுதியிருந்ததைப் பார்த்துட்டு, அதே மாதிரி எழுத காளாஸ்திரியிலேர்ந்து ஒரு ஆளைக் கூட்டிக்கினு வந்தாரு. தூணைச் சுத்தி சிமெண்ட்டுக் கொடி. கிழக்குச் செவுத்துல பனந்தோப்பும் நெல்வயலும், மெட்ராஸ்காரன் வந்தா அதுக்கு எதிர்ல உட்காரவைக்க. மேற்குச் செவுத்துல மாந்தோப்பும் மொளகாத் தோட்டமும், ஆந்திராக்காரனுக்கு. எந்தப் பக்கம் போனாலும் நம்ம ஆளு பொழைச்சுக்குவாராம். இதை வெளியில பெருமையா வேற சொல்லிக்கினு திரிஞ்சாரு, வெக்கங்கெட்ட மனுஷன்.

எழுதி முடிச்சதும், "கூடம் இருட்டா கீது, படம் எடுப்பா தெரியல"ன்னு ஜன்னலுக்கு வெளிய நின்ன புங்கமரத்தை வெட்டச் சொன்னாரு. அம்மாவுக்கு இரைப்பு. கோடையில மூச்சு முட்டினா அந்த மரத்தடியில கட்டிலைப் போட்டுப் படுத்தாதான் கொஞ்சம் அடங்கும்.

"அது ஒண்ணை விட்டுடுங்க"ன்னு கெஞ்சினா.

"செவுத்துல எத்தினி மரம் கீது, அதுங்கீழ படு."

கிண்டலுக்குச் சொல்லல, நெசமாவே சொன்னாரு. அதான் எனக்கு இன்னிக்கும் வயிறு எரியுது.

மரம் போன அந்தக் கோடையில, வார்னிஷ் நெடி அடிக்கிற கூடத்துல, மாந்தோப்புக்குக் கீழ படுத்துக்கினு அம்மா மூச்சுக்கு அல்லாடினா. அவ தம்பி, எங்க மாமா, பார்க்க வந்தவரு பதறிப்போய் அம்மாவையும் என்னையும் திருத்தணிக்குக் கூட்டிக்கினு போயிட்டாரு. மாமா வீட்டுக்குப் பின்னால வேப்பமரம் இருந்தது. அங்கதான் அவ நிம்மதியா தூங்கினா. "உடம்பு தேறட்டும், உங்க நைனா வந்து இட்டுக்கினு போவாரு"ன்னு தினமும் எங்கிட்ட சொல்லுவா.

ஆபீசர் ஒருத்தனும் வரல. திருத்தணி மெட்ராசுக்கு, புத்தூர் ஆந்திராவுக்குன்னு முடிவாச்சு. மறுநாளே பனந்தோப்புக்கு வெள்ளையடிச்சிட்டாராம் நைனா. அப்புறம் போறவன் வர்றவன்கிட்டல்லாம் கண்ணைத் துடைச்சிக்கினு ஒரே பாட்டு: "கவர்மெண்ட்டு என் குடும்பத்தை ரெண்டா வெட்டிடுச்சு. நான் ஒரு ராஷ்ட்ரம், என் பொண்டாட்டி ஒரு ராஷ்ட்ரம்." கேட்டவங்களும் அடப்பாவமேன்னு உச்சு கொட்டினாங்க.

தூ! புத்தூர்லேர்ந்து திருத்தணிக்கு பஸ் எப்பவும் போல ஓடிக்கினுதான் இருந்தது. ஒவ்வொரு பஸ்ஸு வரும்போதும் அம்மா வாசலுக்கு வந்து நின்னு, இறங்கறவங்களைப் பார்த்துக்கினு இருப்பா. நைனா ஒருநாளும் அதுல ஏறல.