ஹப்பா, ஹப்பானா

என் மனைவியின் அண்ணன் தங்கச் சுரங்க வேலைக்கென்று ஆப்பிரிக்காவில் தான்கனிகாவுக்குப் போய், அங்கே கொடி மாறிச் சுதந்திரம் வந்ததும் எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்துக்கே திரும்பி வந்தான். கொண்டு வந்தது ஒரு தகரப் பெட்டியும் சுவாஹிலி மொழியும். பெட்டியாவது கட்டிலுக்கடியில் சும்மா கிடந்தது. அந்த மொழியை வைத்துக்கொண்டு மச்சான் அலட்டிய அலட்டல்தான் எனக்குத் தாங்கவில்லை.

இங்கே என் குழியிலேயே வேலைக்குச் சேர்ந்தான். குழிக்குள் இறக்கும் கேஜுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் இதே கதை. தான்கனிகா சுரங்கத்தில் காங்கோக்காரன், உகாண்டாக்காரன், ருவாண்டாக்காரன் எல்லோரும் உண்டாம். வீட்டில் ஆளுக்கொரு பாஷை, குழிக்குள் இறங்கினால் சுவாஹிலி ஒன்றுதான். ஆபத்தென்றால் எவன் வாயிலும் அதுதான் முதலில் வருமாம். அதை வைத்துக்கொண்டே எல்லை தாண்டிக் கென்யா வரை போய், லாரிக்காரனோடு சண்டையும் போட்டுவிட்டு வந்திருக்கிறான். ஏன், நம் குழியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஓடவில்லையா என்று நான் எரிந்து விழுவேன். அவன் சிரித்துக்கொண்டே பாடம் எடுப்பான். ‘ஹப்பா’ என்றால் இங்கே. ‘ஹப்பானா’ என்றால் இல்லை, வேண்டாம். நம் அப்பா மாதிரி இருந்ததால் முதல் சொல் மட்டும் என் மண்டையில் தங்கியது.

ஒருநாள் காலை ஷிப்டில் ராக் பர்ஸ்ட். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடித்துச் சிதறுவதை அப்படித்தான் சொல்வோம். தூசி அடங்கியபோது மேஸ்திரியும் நானும் இன்னும் இருவரும் இந்தப் பக்கம் இருந்தோம். மச்சான் கற்குவியலுக்கு அந்தப் பக்கம். மறுபடி எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

கல் இடுக்கில் அவன் குரல் வந்தது. இருமலுக்கு நடுவே, “ஹப்பா... ஹப்பா...”

“அப்பாவ கூப்புடுறான்டா,” என்றார் மேஸ்திரி. ஆள் முடிந்துபோன மாதிரி இருந்தது அவர் சொன்ன விதம்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அவன் அப்பாவைக் கூப்பிடவில்லை, இடம் காட்டுகிறான், அது ஆப்பிரிக்கா பாஷை என்று கத்தினேன். குரல் வந்த இடுக்கில் கடப்பாரையைச் செருகி நானே நெம்பினேன். பெரிய கல் ஒன்று அந்தப் பக்கம் சரிந்தது. ஓர் அலறல் கேட்டது. அதன் பின்னால் அதே சொல், இந்த முறை முழுதாக.

“ஹப்பானா!”

அப்போதுதான் அவன் சொல்லிக்கொடுத்த இரண்டாவது சொல் உறைத்தது. முதலிலிருந்தே வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறான். கடைசி எழுத்தை இருமல் தின்றுவிட்டது. கடப்பாரையைக் கீழே போட்டு எல்லோரையும் நிறுத்தினேன். கட்டைகளை முட்டுக் கொடுத்து, பக்கவாட்டில் ஒவ்வொரு கல்லாகக் கையால் எடுத்தோம். மத்தியானம் தாண்டி அவனை வெளியே இழுத்தபோது மூச்சு இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. நான் நெம்பிய கல் அதன்மேல்தான் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். மூன்று நாள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. குற்ற உணர்வு ஒரு பக்கம், தமிழில் கத்தித் தொலைத்திருக்கக் கூடாதா என்ற கோபம் ஒரு பக்கம். நாலாம் நாள் மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள். கட்டிலோரம் உட்கார்ந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உள்ள இன்னாண்ணா கத்துன? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.”

மச்சான் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

“அப்பான்னுதாம்மா கத்துனேன்,” என்றான்.